மோட்டார்ஹோம் இன்ஜின் ஃபேன் இரைகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோட்டார்ஹோம் என்பது வீட்டையே தூக்கிக்கொண்டு ஓடும் வண்டி. பல டன் எடை, காற்று புக வழியில்லாத நெருக்கமான இன்ஜின் அறை, அதற்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தோ படுத்தோ இருக்கும் ஆட்கள். காரில் காதிலேயே விழாத ஃபேன் சத்தம் இதில் பயணத்தையே கெடுத்துவிடும். சத்தம் கேட்டதும் ஏதாவது ஒரு பாகத்தை மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று கிளம்புகிறோம். அது எப்போது வருகிறது, எதோடு சேர்ந்து வருகிறது என்று கொஞ்சம் பொறுமையாகக் கவனித்தால் பாதி வேலை முடிந்துவிடும். அந்தக் கவனிப்புக்கு உதவும் கேள்விகள் இவை.

சத்தம் இன்ஜின் ஃபேனிலிருந்துதான் வருகிறது என்று எப்படி உறுதி செய்வது?

மோட்டார்ஹோமில் ஃபேன்களுக்குப் பஞ்சமே இல்லை. இன்வெர்ட்டருக்குள் ஒன்று, பேட்டரி சார்ஜருக்குள் ஒன்று, ஃபிரிட்ஜின் பின்புறக் காற்றுத் துளைக்குப் பின்னால் ஒன்றிரண்டு, கூரை ஏ.சி.யில் தனியாக, ஜெனரேட்டரில் தனியாக. அதனால் முதலில் வீட்டுப் பகுதியின் மின்சாரம் முழுவதையும் அணைத்துவிட்டு, ஜெனரேட்டரையும் நிறுத்திவிட்டு, இன்ஜினை மட்டும் ஓட விடுங்கள். ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தும்போது சத்தமும் கூடவே ஏறினால், அது இன்ஜினோடு பெல்ட்டிலோ கியரிலோ சேர்ந்து சுழலும் ஏதோ ஒன்று. இன்ஜின் வேகம் மாறியும் சத்தம் மாறாமல் ஒரே சுருதியில் இருந்தால் எலக்ட்ரிக் ஃபேனாக இருக்கலாம்.

இன்ஜினை நிறுத்தி சாவியை எடுத்த பிறகும் சில நிமிடம் ஃபேன் ஓடுவது பல எலக்ட்ரிக் ஃபேன் வண்டிகளில் இயல்பு. அரை மணி நேரம் கழித்தும் ஓடினால் ஃபேனுக்கு மின்சாரம் தரும் சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் கேட்பது வீட்டுப் பகுதி ஃபேன்.

என் வண்டியில் எந்த வகை ஃபேன் என்று தெரியவில்லை. அது அவ்வளவு முக்கியமா?

மிகவும் முக்கியம். ஒரே மாதிரிக் கேட்கும் சத்தத்துக்கு வகைக்கு வகை காரணம் வேறு.

முன்பக்க இன்ஜின் உள்ள பெரிய வண்டிகளில் பெரும்பாலும் பெல்ட்டில் சுழலும் ஃபேன், நடுவில் விஸ்கஸ் கிளட்ச் என்ற வட்டமான அலுமினிய டப்பாவோடு இருக்கும். சூட்டுக்கு ஏற்ப ஃபேனைப் பிடிப்பதும் விடுவதும் அதன் வேலை. வேன் அடித்தளத்தில் கட்டிய சிறிய மோட்டார்ஹோம்களில் ரேடியேட்டரோடு ஒட்டிய எலக்ட்ரிக் ஃபேன் பரவலாக உண்டு. பின்பக்க டீசல் இன்ஜின் வண்டிகளில் ரேடியேட்டர் பின்னால் இருந்தால் இன்ஜினே நேரடியாகவோ கிளட்ச் வழியாகவோ ஃபேனைச் சுழற்றும். ரேடியேட்டர் பக்கவாட்டில் இருந்தால் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் ஃபேனாக இருக்க வாய்ப்பு அதிகம். ஃபேனின் நடுப்பகுதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: ஒயர் மட்டும் வந்தால் எலக்ட்ரிக், தடித்த ஹோஸ்கள் வந்தால் ஹைட்ராலிக், துடுப்புகள் வைத்த டப்பா இருந்தால் கிளட்ச். கிளட்ச்சே இல்லாமல் நேரடியாகச் சுழலும் ஃபேன் என்றால், இன்ஜின் வேகம் ஏற ஏற அது இரைவது அதன் பிறவிக் குணம்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் விமானம் கிளம்புவதுபோல் இரைகிறது. கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடுகிறது. பழுதா?

இல்லை. விஸ்கஸ் கிளட்ச்சுக்குள் கெட்டியான சிலிகோன் எண்ணெய் இருக்கிறது. வண்டி நிற்கும்போது அந்த எண்ணெய் சேமிப்பு அறையிலிருந்து வேலை செய்யும் அறைக்கு வடிந்துவிடும். ஸ்டார்ட் செய்ததும் கிளட்ச் பிடித்துக்கொண்டு ஃபேன் முழு வேகத்தில் சுழலும். ஒன்றிரண்டு நிமிடத்தில் எண்ணெய் பழைய இடத்துக்குத் திரும்பியதும் அடங்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில் இது இன்னும் கொஞ்ச நேரம் நீடிக்கலாம். பத்து நிமிடம் ஓடியும் அடங்காவிட்டால்தான் கவனிக்க வேண்டும்.

மேடு ஏறும்போது திடீரென்று உறுமுகிறது, சமதளம் வந்ததும் நின்றுவிடுகிறது. பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம், ஃபேன் தன் வேலையைச் செய்கிறது. கனமான வண்டி மேடு ஏறும்போது ரேடியேட்டர் வழியாக வரும் காற்று சூடாகும். கிளட்ச்சின் முகத்தில் இருக்கும் இரட்டை உலோகச் சுருள் அந்தச் சூட்டை உணர்ந்து எண்ணெய்க்கு வழி திறந்துவிடும், ஃபேன் வேகம் பிடிக்கும்.

சத்தம் ஏன் அவ்வளவு திடீரென்று ஏறுகிறது என்றால், ஃபேனின் சுழற்சி வேகம் இரண்டு மடங்கானால் காற்றோட்டமும் சுமார் இரண்டு மடங்குதான் ஆகும். ஆனால் அதைச் சுழற்றத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும், சத்தம் கிட்டத்தட்ட 15 டெசிபெல் கூடும். அந்தச் சக்தி உங்கள் இன்ஜினிலிருந்துதான் போகிறது. உறுமும் நேரத்தில் இழுவை கொஞ்சம் குறைந்ததுபோல் தோன்றுவது வெறும் பிரமை இல்லை. மேடு தொடங்கும் முன்பே ஒரு கியர் குறைத்து, வேகத்தையும் கொஞ்சம் தணித்து ஏறினால் சூடு அவ்வளவு ஏறாது. ஃபேனும் அடிக்கடி கூப்பிடப்படாது.

எப்போதும் உறுமிக்கொண்டே இருக்கிறது. கிளட்ச் போய்விட்டதா?

அவசரப்படாதீர்கள். ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் ஓடுகிறது என்றால் காரணம் இரண்டில் ஒன்று. கிளட்ச்சோ கட்டுப்பாட்டு அமைப்போ சிக்கிக்கொண்டிருக்கலாம். அல்லது இன்ஜின் உண்மையிலேயே சூடாகி, ஃபேனை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

இதைப் பிரித்தறிய கையடக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று போதும். வண்டி நன்றாகச் சூடான பிறகு, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கும் இடத்திலும், ரேடியேட்டரின் மேல் ஹோஸிலும், கீழ் ஹோஸிலும் அளந்து பாருங்கள். பளபளக்கும் உலோகத்தின் மீது அளந்தால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். அங்கே ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன் மீது அளப்பது நல்லது. பெரும்பாலான இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் 80 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள் திறக்கும். அளவு அந்த வட்டத்துக்குள் இருந்தும் ஃபேன் உறுமினால் கிளட்ச் மீது சந்தேகப்படலாம். அதைத் தாண்டிப் போனால் ஃபேன் மீது குற்றமில்லை.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். பின்பக்க இன்ஜின் வண்டி ஒன்றை வாங்கிய புதிதில், சின்ன ஏற்றத்துக்கெல்லாம் ஃபேன் அலறியது. ஒரு பட்டறையில் கிளட்ச் என்றார்கள், மாற்றினேன். அதே ஏற்றம், அதே அலறல். பின்னால் போய் நின்று பார்த்தால் ரேடியேட்டர் பளிச்சென்று சுத்தமாக இருந்தது. ஒரு நாள் படுக்கைக்குக் கீழே இருக்கும் மூடியைத் திறந்து, டார்ச்சை ஃபேன் இறக்கைகளுக்கு நடுவே நுழைத்துப் பார்த்தேன். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும், டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் முகம் முழுக்கக் கறுப்புக் கம்பளி விரித்ததுபோல் இருந்தது. நகத்தால் சுரண்டினேன். எண்ணெயில் ஊறிய தூசி, புல் விதை, விட்டில் சிறகுகள் எல்லாம் சேர்ந்து ஒரு படலமாக உரிந்து வந்தது. அந்த அமைப்பில் காற்று இன்ஜின் பக்கத்திலிருந்து பின்னோக்கித் தள்ளப்படுகிறது. அழுக்கு சேர்வது நம் கண்ணுக்குத் தெரியாத உள்பக்கத்தில்தான். போதாததற்கு இன்ஜினின் மூச்சுக்குழாய் கக்கும் எண்ணெய்ப் புகை அந்தத் தூசியை அப்படியே ஒட்ட வைத்துவிடுகிறது.

அலுமினியத்தை அரிக்காத கிரீஸ் நீக்கியைத் தெளித்து இருபது நிமிடம் ஊறவிட்டு, சாதாரண ஹோஸ் தண்ணீரில் கழுவினேன். முதல் முறை வழிந்தது தார் மாதிரி இருந்தது. மூன்றாவது முறைதான் தெளிந்த தண்ணீர் வந்தது. அதற்கடுத்த பயணத்தில் அதே ஏற்றத்தில் ஃபேன் ஒரே ஒரு தடவை எழுந்து அடங்கியது.

ரேடியேட்டரைக் கழுவ பிரஷர் வாஷர் பயன்படுத்தலாமா?

வேண்டாம். மெல்லிய தகடுகள் மடங்கிப்போனால் அடைப்பு நிரந்தரமாகிவிடும். காற்று போகும் திசைக்கு எதிர்த் திசையிலிருந்து மிதமான அழுத்தத்தில் கழுவுங்கள். மூச்சுக்குழாயின் முனையை ரேடியேட்டரைத் தாண்டிப் போகும்படி நீட்டிவிட்டால் மறுபடி படிவது வெகுவாகக் குறையும். அந்தக் குழாய் எங்கேயும் மடங்காமலும் அடைபடாமலும் இருக்க வேண்டும்.

நானே கைவைத்துப் பார்க்கலாமா? என்னென்ன ஆபத்து?

பார்க்கலாம். ஆனால் இந்தப் பதிலைத் தாண்டிக் குதிக்காமல் படியுங்கள்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டிக்கு அடியில், அடித்தளத்துக்கு உறுதியான ஸ்டாண்டு முட்டுக் கொடுக்காமல் ஒருபோதும் நுழையாதீர்கள். காற்றுப் பை இறங்கினால் பல டன் எடை நொடியில் கீழே வரும். வண்டியைச் சமப்படுத்தும் ஜாக்குகள் இந்த வேலைக்கானவை அல்ல, அவற்றை நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது.

எலக்ட்ரிக் ஃபேன் சாவி இல்லாமலேயே திடீரென்று சுழலும். கை வைக்கும் முன் அதன் மின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது ஃபேன் இறக்கைகளுக்கு நேர் பக்கவாட்டில் நிற்காதீர்கள். இறக்கை உடைந்தால் அந்தத் தளத்தில்தான் பறக்கும். துண்டு, தளர்ந்த சட்டைக்கை, கழுத்துச் சங்கிலி எதுவும் வேண்டாம். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதீர்கள். ஹைட்ராலிக் ஹோஸில் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், ஊசிமுனைக் கசிவு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

விஸ்கஸ் கிளட்ச்சைக் கையால் சோதிப்பது எப்படி?

இன்ஜினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, ஃபேனைக் கையால் சுழற்றிவிடுங்கள். ஆறிய நிலையிலும் சூடான நிலையிலும் ஒவ்வொரு முறை செய்யுங்கள். தேன் ஜாடிக்குள் கரண்டியைச் சுழற்றுவதுபோல் ஒரு மெல்லிய எதிர்ப்பு தெரிய வேண்டும், ஒன்றிரண்டு சுற்றுக்குள் நிற்க வேண்டும். சூடாக இருக்கும்போது எதிர்ப்பு இன்னும் கூடும். எதிர்ப்பே இல்லாமல் பம்பரம் மாதிரி சுழன்றால் எண்ணெய் போய்விட்டது. சத்தம் வராது, ஆனால் இன்ஜின் கொதிக்கும். அசையவே மறுத்தால் கிளட்ச் இறுகிவிட்டது, நிரந்தர உறுமலுக்கு அதுதான் காரணம்.

அடுத்து எதிரெதிராக இரண்டு இறக்கைகளின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நுனியில் சுமார் 6 மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருந்தால் கிளட்ச்சின் பேரிங்கோ அதைத் தாங்கும் வாட்டர் பம்ப்பின் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. கிளட்ச் முகத்தில் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி எண்ணெய்க் கோடுகள், அதில் தூசி ஒட்டியிருப்பது, இதெல்லாம் கசிவின் அடையாளம்.

ஒயர் வந்து சேரும் மின்னணு கிளட்ச்சாக இருந்தால் இந்தச் சோதனையை மட்டும் நம்ப முடியாது. பல வகைகளில் மின் இணைப்பு அறுந்தால் பாதுகாப்புக்காக கிளட்ச் பிடித்துக்கொள்ளும்படி செய்திருப்பார்கள். எலி கடித்த ஒரு ஒயர்கூட முழு நேர உறுமலைத் தரலாம்.

கீச்சென்று வருகிறது. அதுவும் ஃபேனா?

பெரும்பாலும் பெல்ட். இன்ஜின் நிதானமாக ஓடும்போது, எட்டத்திலிருந்து தெளிப்பான் பாட்டிலால் பெல்ட்டின் பள்ளமுள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். கீச்சொலி உடனே அடங்கி, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது: பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கலாம், பெல்ட் தேய்ந்திருக்கலாம். பெல்ட்டுக்கு மேல் பூசும் ஸ்பிரேக்கள் சத்தத்தை ஒரு நாள் மறைக்கும், காரணத்தைத் தொடாது. நான் அவற்றைப் பயன்படுத்துவதே இல்லை.

கரகரவென்று அரைக்கும் சத்தம் வருகிறது. எந்த பேரிங் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை சுழலாத உலோக உடலில் வைத்து, பிடியைக் காதோரம் ஒட்டிக் கேளுங்கள். வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர், டென்ஷனர், பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனால், கெட்டுப்போன இடத்தில் கல்லில் மணல் தேய்ப்பது போன்ற ஒலி காதுக்குள் நேராக இறங்கும். ஃபேன் சுழலும் இடத்துக்குப் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள், அங்கே வேறு வழி இருக்கிறது.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினை அரை நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். சத்தம் மறைந்துவிட்டால் பெல்ட் சுழற்றும் ஏதோ ஒன்றுதான் காரணம். வாட்டர் பம்ப் ஓடாத நேரம் என்பதால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. நிறுத்திய பிறகு ஒவ்வொரு புல்லியையும் விரலால் சுழற்றுங்கள். நல்ல பேரிங் பட்டுப்போல் சுழலும், கெட்டது விரல் நுனியில் சொரசொரக்கும். இதை ஒரு முறை உணர்ந்துவிட்டால் மறக்கவே மாட்டீர்கள்.

வேகம் கூட்டும்போது மட்டும் டக்டக்கென்று தட்டுகிறது.

இறக்கை எங்கோ உரசுகிறது. ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூண்டின் உள்வட்டத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். உரசும் இடத்தில் தூசி துடைத்தெடுத்ததுபோல் ஒரு பிறைக் கோடு தெரியும், இறக்கை நுனிகளும் அங்கங்கே மழுங்கி வெளிறியிருக்கும். பெல்ட் சுழற்றும் ஃபேனில் அந்தப் பிறை கூண்டின் கீழ்ப்பக்கம் இருந்தால் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்கள் அமுங்கி இன்ஜின் தாழ்ந்திருக்கலாம். ஒரு பக்கமாக இருந்து, இழுவையின்போது மட்டும் தட்டினால், ஒரு மவுண்ட் கிழிந்து இன்ஜின் சாய்கிறது என்று பொருள். கூண்டை வெட்டிப் பெரிதாக்கி சத்தத்தை நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மவுண்ட் அப்படியே இருக்க, அடுத்த உரசல் ரேடியேட்டரோடு ஆகிவிடும்.

எல்லா வேகத்திலும் தட்டினால் இலை, கயிறு, பிளாஸ்டிக் பை போன்ற எளிய காரணங்களை முதலில் தேடுங்கள்.

ஹைட்ராலிக் ஃபேனிலிருந்து ஊளையிடுவதுபோல் வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?

முதலில் எண்ணெய் அளவு. பல வண்டிகளில் ஸ்டியரிங்குக்கும் ஃபேனுக்கும் ஒரே தொட்டிதான். ஸ்டியரிங்கும் கனமாகியிருந்தால் துப்பு கிடைத்துவிட்டது. எண்ணெய் நுரைத்து மோர் நிறத்தில் இருந்தால் உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று புகுகிறது. ஃபில்டர் அடைத்திருந்தாலும் பம்ப் எண்ணெய்க்கு ஏங்கி ஊளையிடும். அப்படியே ஓட்டினால் பம்ப் சீக்கிரம் அரித்துப்போகும்.

ஊளை இல்லாமல் வெறும் முழு வேக இரைச்சல் என்றால், கட்டுப்பாட்டு வால்வுக்குப் போகும் ஒயரையும் வெப்பநிலை சென்சாரையும் பாருங்கள். மின்சாரம் போனால் ஃபேன் முழு வேகத்தில் ஓட வேண்டும் என்றே பல அமைப்புகள் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன.

எலக்ட்ரிக் ஃபேன் ஆறிய இன்ஜினிலேயே முழு வேகத்தில் ஓடுகிறது. ஏன்?

ஏ.சி. போட்டிருக்கிறதா என்று பாருங்கள், போட்டிருந்தால் ஃபேன் ஓடத்தான் வேண்டும். டீசல் வண்டியில் புகை வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும் நேரத்திலும் ஃபேன் வேகமாக ஓடும், நின்றிருக்கும்போது இன்ஜின் சுழற்சியும் சற்று ஏறியிருக்கும். இவை இரண்டும் இல்லையென்றால் கூலன்ட் சென்சாரோ அதன் இணைப்போ போயிருக்கலாம். சென்சாரிலிருந்து தகவல் வராவிட்டால் கம்ப்யூட்டர் ஆபத்து என்றே எடுத்துக்கொண்டு ஃபேனை முழுதாக ஓட்டும். கோளாறுக் குறியீட்டைப் படித்துப் பார்த்தால் நேரம் மிச்சம்.

பழுது பார்த்துக் கொடுத்த பிறகுதான் சத்தம் தொடங்கியது.

ஃபேனைத் திருப்பி மாட்டியிருக்கலாம், அல்லது எலக்ட்ரிக் ஃபேனின் இரண்டு ஒயர்கள் இடம் மாறி அது எதிர்த்திசையில் சுழலலாம். இரண்டிலும் சத்தம் கூடும், காற்று குறையும். ரேடியேட்டர் முன் ஒரு தாளைப் பிடித்தால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். கழற்றிய விஸ்கஸ் கிளட்ச்சைப் படுக்க வைத்திருந்தாலும் எண்ணெய் கசிந்து கெட்டுப்போகலாம். மாட்டியிருக்கும் நிலையிலேயே நிறுத்தி வைக்க வேண்டும். நீங்களே கழற்றுவதாக இருந்தால் நடுநட்டின் மரை வலமா இடமா என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள், வண்டிக்கு வண்டி மாறும்.

இறக்கையில் சின்ன விரிசல். ஒட்டி ஓட்டலாமா?

கூடாது. ஃபேனையே மாற்றுங்கள்.

வெளியே சாதாரணமாகத்தான் கேட்கிறது, உள்ளே மட்டும் காது அடைக்கிறது.

முன்பக்க இன்ஜின் வண்டியில் இரண்டு சீட்டுக்கும் நடுவே இருக்கும் இன்ஜின் மூடியைக் கவனியுங்கள். அதன் ரப்பர் விளிம்பு காய்ந்து நசுங்கியிருக்கும், உள்ளே ஒட்டிய ஒலித்தடுப்புப் பஞ்சு உதிர்ந்திருக்கும். இரவில் மூடிக்குள் ஒரு விளக்கை வைத்துவிட்டு உள்ளே இருட்டில் உட்கார்ந்து பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் சத்தமும் புகையும் சூடும் கசியும் இடம். புதிய ரப்பர் போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

இந்தச் சத்தத்தோடு ஊர் போய்ச் சேரலாமா?

சூடு அளவு சரியாக இருந்து வெறும் உறுமல் என்றால் போகலாம், டீசலோ பெட்ரோலோ கொஞ்சம் கூடச் செலவாகும். பேரிங் அரைக்கும் சத்தம், இறக்கை தட்டும் சத்தம், ஃபேன் ஆடுவது கண்ணுக்குத் தெரிவது: இந்த மூன்றில் எது இருந்தாலும் பாதுகாப்பாக ஓரம் கட்டி நிறுத்துங்கள். கழன்ற ஃபேன் ரேடியேட்டரைக் கிழித்துவிடும்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

பின்பக்க இன்ஜின் வண்டியில் ஓட்டுபவருக்கும் இன்ஜினுக்கும் நடுவே முழு வீடும் இருக்கிறது, அவர் காதில் பாதிதான் விழும். அதனால் கூட வருபவர் சீட் பெல்ட்டோடு பின்னால் உட்காரும் இடம் இருந்தால், அங்கிருந்து சத்தத்தைச் செல்போனில் பதிவு செய்யட்டும். சத்தம் தொடங்கும்போது மீட்டரில் இருந்த இன்ஜின் சுழற்சி, சூடு, மேடா சமதளமா, ஏ.சி. ஓடியதா, இவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளையும் பதிவையும் கொடுத்துவிட்டு, “இன்டர்கூலரின் உள்பக்கத்தை எனக்குக் காட்டுங்கள்” என்று கேளுங்கள்.